ஏழாம் வளைவு

எனக்குத் தெரிந்த பந்தயம் எண்பது மீட்டர் நீளம்.
தைலமரத் தோப்பு முடியும் இடத்தில் தொடங்கி,
இடப்பக்கமாய்த் திரும்பி,
டயர் அடுக்கிய சுவரோடு சரி.
அதற்கு முன்னால் என்ன நடந்தது,
பின்னால் யார் யாரை முந்தினார்,
எல்லாம் வாக்கிடாக்கி சொல்லித்தான்.
நந்தகுடித் தடத்தில் ஐந்து வருடமாய்க் கொடி பிடிக்கிறேன்.
கிளம்புவதையும் பார்த்ததில்லை,
கட்டம் போட்ட கொடி இறங்குவதையும் பார்த்ததில்லை.

வாரநாளில் ரெசிடென்சி ரோடு இன்சூரன்ஸ் ஆபீஸ்.
நசுங்கிய பானெட்டின் படத்தைப் பெரிதாக்கி
புது அடியா, பழைய அடியா என்று எழுதும் வேலை.
சனிக்கிழமை விடியுமுன் ஹோஸ்கோட்டே பஸ்,
அங்கிருந்து ஒரு வேன்,
ஆரஞ்சு அங்கி, ஆறு கொடி, ஒரு துடைப்பம்.
துடைப்பத்தை யாரும் படம் எடுப்பதில்லை.

வருகிற கார்களும் தேவலோகத்துத் தேர் இல்லை.
எங்கள் அடுக்ககத்தின் கீழே தூசி மூடி நிற்கும் அதே செடான்.
பின்சீட்டைப் பிடுங்கி,
பாட்டுப் பெட்டியைப் பிடுங்கி,
மலைப்பாதையில் குழந்தை வாந்தியெடுத்த ஞாபகத்தையும் பிடுங்கி,
இரும்புக் கூண்டு வைத்தால்
இப்படிக் கத்துகிறது.

சனிக்கிழமை முழுக்கக் காதுதான் வேலை.
எட்டாம் எண் நஸ்ரீன் பிரேக் பிடிப்பது
டீ ஆற்றுவதுபோல. ஒரே தரம், நீளமாக.
இருபத்துமூன்று பெள்ளியப்பா
கதவை அறைந்து சாத்துகிற ஆள்.
எல்லோரையும்விட அரை நொடி தாமதம்;
அந்த அரை நொடியில்தான் அவர் பிழைப்பு.

ஞாயிறு, இரண்டாவது பந்தயம், ஒன்பதாம் சுற்று.
கோலார் பக்கமிருந்து ஒரே ஒரு மேகம்.
மழை என் வளைவில் மட்டும்.
கோபுரத்தில் வெயிலாம்.
"ஏழு, உறுதியா?" என்றது வாக்கிடாக்கி.
என் மூக்குக்கண்ணாடி உறுதியாக நனைந்திருந்தது.

மஞ்சளில் சிவப்புக் கோடு போட்ட கொடி.
ஆட்டக் கூடாது, விரித்துக் காட்டவேண்டும். காட்டினேன்.
நஸ்ரீன் டீயை ஆற்றிக்கொண்டு போனாள்.
பெள்ளியப்பா பார்த்தாரா,
பார்த்தும் நம்பவில்லையா, தெரியாது.
காரின் பின்பக்கம் முன்னால் வந்தது.
ஜல்லி, டயர் சுவர்,
பிறகு வைப்பர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

கொடி மாற்றினேன். இது ஆட்டவேண்டிய மஞ்சள்.
ஆட்டிக்கொண்டே, அவர் கால் வெளியே வருகிறதா என்று பார்த்தேன்.
ஒரு கால். ரொம்ப நேரம் கழித்து இன்னொன்று.

என் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தார்,
ஹெல்மெட்டை மடியில் வைத்து.
டப்பாவிலிருந்த சித்ரான்னத்தை நீட்டினேன்; வேர்க்கடலையை மட்டும் பொறுக்கினார்.
"யார் முன்னால்?"
"நான் எண்ணுவதில்லை சார். வருவாங்க, போவாங்க."
மூன்று சுற்று பேசாமல் பார்த்தார்.
"இந்த வளைவு இவ்வளவு சின்னதா?" என்றார்.

பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டேன், இன்சூரன்ஸ் இருக்கா என்று.
பந்தயத்து அடிக்கு எந்தப் பாலிசியும் கிடையாது,
எனக்கே தெரியும்.
அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். விலா வலித்திருக்கும்,
பாதியில் நிறுத்திக்கொண்டார்.

இரவு எட்டு மணி, டின் ஃபேக்டரி.
பஸ் நகரவில்லை. பக்கத்து லாரியும்.
லாரிமேல் இருபத்துமூன்று,
மூக்குடைந்து, பெல்ட்டால் கட்டுண்டு.
அதற்கும் அடுத்த லாரியில் எட்டு.
யார் ஜெயித்தார்கள் என்று கேட்க எட்டாத தூரம்.
கொய்யாப்பழக்காரர் ஒருவர் நடுவே நடந்து
இரண்டையும் முந்திப் போனார்.

உடைந்த காரின் ஓட்டுநர் இருக்கையில்
மெக்கானிக் பையன் தூங்கிக்கொண்டிருந்தான்,
கை ஸ்டியரிங்கில்.
லாரி ஒரு முழம் நகர்ந்தது.
தூக்கத்திலேயே
இடப்பக்கம் திருப்பினான்.