நங்கூரம் இருக்கும் வரை

ஸ்டியரிங்கைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்
கீழக்கரை ஜகுபர்.
துபாயிலிருந்து வந்தது, பெட்டி மட்டும் இல்லை,
தோல் சுற்றியது, தொள்ளாயிரம் டிகிரி திரும்பும்.
நான் குனிந்து பெடலை அழுத்திப் பார்த்தேன்.
பிரேக் கெட்டியாக இருந்தது.
பதினோரு வருடமாகத் தையல் மெஷின் மிதிக்கிறேன்,
எந்த மிதி பொய் சொல்லும் என்று பாதத்துக்குத் தெரியும்.

கியர் லிவர்? அப்புறம்.
கைபிரேக்? அப்புறம் பாய்.
பந்தய இருக்கையின் விலையைக் கேட்டேன்,
சிரித்துவிட்டு பஸ் ஏறினேன்.

தங்கச்சிமடத்தில் இரவு பத்து மணி.
ஜாக்கெட் துணிகளை ஒதுக்கிவிட்டு
தையல் மேசை விளிம்பில் ஸ்டியரிங்கை முடுக்கினேன்.
முதல் வளைவில் பிரேக் மிதித்ததும்
பெடல் சிமெண்ட் தரையில் வழுக்கிச் சுவருக்குப் போனது.
காரும் சுவருக்கே போனது.

தடைக்காலம். தம்பி ரெக்சனின் நங்கூரம்
வாசலில் சும்மா கிடந்தது.
இருவருமாக இழுத்து வந்து பெடலுக்குப் பின்னால் கிடத்தினோம்.
"நிறுத்தத்தானே இதை வாங்குனோம்" என்றான்.
நான்காவது சுற்றில் முதல்முறையாக
ஒருவனை முந்தினேன், உட்புறமாக.
கத்தியதில் பக்கத்து வீட்டு விளக்கு எரிந்தது.

படுக்குமுன் திருகுகளுக்கு மெஷின் எண்ணெய் விட்டேன்,
உப்புக்காற்று எதையும் புதிதாக விடாது.
பதினைந்தாம் தேதி படகு இறங்கும்,
நங்கூரமும் போகும்.
அதற்குள் நான்கு மரச்சட்டம், எட்டு போல்ட்.
கணக்கைச் சுவரில் எழுதி வைத்தேன்
லீமாவின் சுடிதார் பாக்கிக்குக் கீழே.