பார்க்கவில்லை என்பதற்கான சைகை

கிட்ட என்பது அவளுடைய பெயர்.
டென்மார்க்கில் அதற்கு என்ன பொருளோ.
சுகததாச உள்ளரங்கின் ஒலிபெருக்கி
"கிட்ட ராவன்கேர்" என்று கூப்பிட்டபோது
எங்கள் வரிசையில் நான் மட்டும் சிரித்தேன்,
அவ்வளவு தூரத்திலிருந்து வந்தவளுக்கு இப்படி ஒரு பெயர்.

என் வேலை ஒரு கோடு.
பின்கோடு, இடதுமூலை, ஒரு பிளாஸ்டிக் கதிரை.
உள்ளே விழுந்தால் வலக்கையால் கோட்டைக் காட்டவேண்டும்.
வெளியே என்றால் கைகளை விரித்துக் கத்தவேண்டும்.
தெரியவில்லை என்றால்
இரு கைகளாலும் கண்ணைப் பொத்தவேண்டும்.
காப்புறுதிக் கந்தோரில் கோப்புக் கட்டுகிறவளுக்கு
மூன்று சொல் போதும்.

நிகழ்ச்சித்தாளில் அவளுக்கு நாலு வரி.
பதினாறு வயதில் முதல் பட்டம்.
பதினொரு வருடம் ஒரே சோடி, மெரெட்டெ.
இரண்டு முறை இறுதியாட்டம், இரண்டிலும் இரண்டாம் இடம்.
ஒரு முழங்கால்.
மெரெட்டெ இரட்டையர் ஆட்டத்தை விட்டுவிட்டு
இரட்டையரைப் பெற்றாளாம்; அது அச்சில் இல்லை,
தேநீர் ஊற்றிய பெடியன் சொன்னது.
ராக்கெட் பையில் இரண்டு பெயர்கள்.
ஒன்றின்மேல் கறுப்பு டேப்.

புதுச் சோடிக்குப் பத்தொன்பது வயது.
ஒவ்வொரு பிழைக்கும் மன்னிப்புக் கேட்கிறாள்.
"மின்!" என்று கத்துகிறாள் கிட்ட,
என்னுடையது என்று அர்த்தமாம்.
கத்தி முடிப்பதற்குள்
இருவருக்கும் நடுவில் விழுந்துவிடுகிறது.
மெரெட்டெயோடு ஆடிய காலத்தில்
வாயைத் திறந்தே இருக்கமாட்டாள்.

அந்த வருடங்களில்
சேர்விஸ் கையில் இருப்பவருக்குத்தான் புள்ளி.
மற்றவர் எவ்வளவு அழகாக வென்றாலும்
கிடைப்பது முறை மட்டும்.
அவளுக்கு அது ஆட்டவிதி.
கொட்டாஞ்சேனைக்காரி எனக்கு
யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை.

முந்தின இரவு ஆமர் வீதிச் சாவடியில்
பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள்.
அட்டைகளைப் பார்த்தார்கள்.
நீலச் சட்டைப் பொடியன் ஒருவனை
ஜீப்பில் ஏற்றினார்கள்.
மிச்சம் நாற்பது பேரும் திரும்ப ஏறினோம்.
யாரும் கையை உயர்த்தவில்லை.
ஆனாலும் எல்லோரும் காட்டியது
என் மூன்றாவது சைகையைத்தான்.

மூன்றாவது கேம். பன்னிரண்டுக்குப் பதினான்கு.
சேர்விஸ் தாய்லாந்துப் பிள்ளைகளிடம்.
ஷட்டில் உயர்ந்து, கூரை விளக்கில் கரைந்து
என் மூலைக்கு இறங்கியது.
கிட்ட பின்னால் ஓடிவந்து
அடிக்காமல் விட்டாள்.
அவள் முதுகு என் முன்னால் ஒரு கதவு.
விழுந்த சத்தம் மட்டும் கேட்டது.

கண்ணைப் பொத்தினேன்.
உண்மையாகவே தெரியவில்லை.
விரல்களுக்குள்ளே கொஞ்சம் இருட்டு,
அதற்குள் நீலச் சட்டை.

நடுவருக்கும் தெரியவில்லை.
"லெட்" என்றார். திரும்ப ஆடச் சொன்னார்.
எட்டு வருடமாகக் கேட்கிற சொல்,
அன்றுதான் முதன்முதலாகக் காதில் விழுந்தது.

திரும்ப ஆடியும் தோற்றார்கள்.
வலையின் நாடாவைத் தொட்டு
இந்தப் பக்கமே விழுந்தது, சோம்பேறித்தனமாக.

கோடு பார்த்த எல்லோருக்கும் கைகொடுத்தாள்.
யாரும் கொடுப்பதில்லை.
கட்டைவிரலடியில் புளியங்கொட்டை அளவு காய்ப்பு.
என்னிடம் வந்து, குனிந்து,
"முதலாவது உள்ளேதான்" என்றாள் ஆங்கிலத்தில்.
நான் தலையாட்டினேன்,
என்ன தலையாட்டினேன் என்று இன்றுவரை தெரியாது.

உடைமாற்றும் அறைக்குப் போகிற நீண்ட நடை காலியாகக் கிடந்தது.
சின்னவள் எப்போதோ போய்விட்டாள்.
கிட்ட இடச்சுவரை ஒட்டியே நடந்தாள்,
வலப்பாதியை அப்படியே விட்டு.

வெளியே மழை தொடங்கியிருந்தது.
எனக்கு இன்னும் ஒரு ஆட்டம் இருந்தது,
அதே மூலையில்.