ஐந்தாவது செட்

மன்னார்குடி, கல்லூரி மைதானம்.
ஜெனரேட்டர் மணிக்கு எண்ணூறு, டீசல் தனி.
நடுவர் நால்வருக்கு லாட்ஜ், ஏசி இல்லாமல் ஆகாது.
முன்பணம் போதாதென்று செந்தாமரை கேட்டரிங்கில்
சாம்பார் தண்ணியாகிவிட்டது.
உரக்கடை அன்புக்கரசு ஒப்புக்கொண்ட இருபதாயிரம்
குறுவை அறுத்துக் கடன் வசூலானதும்தானாம்;
அவர் பேனர் மட்டும் முந்தாநாளே வந்து
வலையைவிட அகலமாக நிற்கிறது.

பொருளாளர் நான்.
மூன்று நேர் செட்டில் முடியட்டும் என்று
ராஜகோபாலனுக்குத் தேங்காய் நேர்ந்திருந்தேன்,
அதைச் செலவில் எழுதவில்லை.

இரண்டுக்கு இரண்டு.
பதினான்குக்குப் பதினான்கில்
நாகப்பட்டினத்து எட்டாம் நம்பர்க்காரி
தரையோடு தரையாகப் பாய்ந்து எடுத்தாள்.
டீசல்காரர் கேனைத் தூக்கிக் காட்டினார்.

ஊத்துங்க என்றேன்,
பந்திலிருந்து கண்ணை எடுக்காமல்.