இரண்டு, ஒன்று, அரை

வீட்டு வாடகை நானூற்று ஐம்பது வெள்ளி.
ஆனால் கதவு திறக்க
இரண்டு மாத முன்பணம்,
ஒரு மாத வாடகை,
தண்ணிக்கும் கரண்டுக்கும் அரை மாதம்.
ஆயிரத்து ஐந்நூற்று எழுபத்தைந்து என்று
கூட்டிச் சொன்னாள் தர்ஷணா.
நான்காம் ஆண்டு. கணக்கில் தப்பே வராது அவளுக்கு.
வந்தால் தேவலாம் என்றிருந்தது அன்றைக்கு.

தோட்டத்து நோட்டீஸில் மூன்று மாதம் கொடுத்திருந்தார்கள்.
செம்பனையும் விற்றாயிற்று, லயமும் விற்றாயிற்று.
இரண்டு மாதத்தை நம்பாமலே கழித்தோம்.
மூன்றாவதில்
கரண்டை வெட்டிய பிறகுதான்
சிவராஜன் அண்ணன் லாரி பேசினார்.

டவுன் என்றால் ஒரே சாலை.
ஒரு சிக்னல் லைட், இரண்டு பேங்க்,
வியாழக்கிழமை பாசார் மாலாம்.
விளக்குக் கம்பங்களில் ஒட்டிய நம்பருக்கெல்லாம்
சாப்பாட்டு நேரத்தில் போன் போட்டேன்,
கையுறைத் தொழிற்சாலையின் பின்வாசலில் நின்று.
மலாயில் பேசும்வரை வீடு காலியாக இருக்கும்.
பேரைச் சொன்னதும்
நேற்றுதான் யாரோ எடுத்துக்கொண்டிருப்பார்கள்.
ஒருவர் மட்டும் நேராகக் கேட்டார்:
எத்தனை பேர், குடிப்பீர்களா, சாமி மணி அடிப்பீர்களா?
மூன்று பேர், இல்லை,
அடிப்போம், ஆனால் மெதுவாக என்றேன்.
அவரும் மெதுவாகத்தான் போனை வைத்தார்.

மோட்டாரை விற்றுவிடலாமா என்றார் தர்ஷணா அப்பா.
விற்றால் செக்யூரிட்டி வேலைக்கு எதில் போவது?
அந்தக் காலோடு.
பிறகு அந்தப் பேச்சை நாங்கள் எடுக்கவில்லை.

உதவி கேட்கும் ஆபீஸ் பஸ்ஸில் ஐம்பது நிமிடம்;
எனக்கு அரை நாள் சம்பளம்.
பாரத்தில் ஆறாவது கேள்வி, தற்போதைய முகவரி.
வரிசை நான்கு, கதவு பதினொன்று என்று எழுதினேன்.
கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்த புவான் ரொஸ்னானி
அப்படி ஒரு தோட்டமே இதில் இல்லையே என்றார்.
வருத்தத்தோடுதான் சொன்னார்.
வாடகை உதவி வேண்டுமென்றால்
வாடகை ரசீது வேண்டும்.
ரசீது வேண்டுமென்றால் வீடு வேண்டும்.
வீடு வேண்டுமென்றால்
இரண்டு, ஒன்று, அரை.

அதுவரை கொழுந்தன் வீட்டு ஹாலில் படுத்தோம்.
பிரேமகுமாரி ஒரு வார்த்தை சொன்னதில்லை.
சோறு வடிக்கும்போது மட்டும்
பானை மூடியைக் கொஞ்சம் சத்தமாக வைப்பாள்.
அந்தச் சத்தத்துக்கு
வாடகை கட்ட எனக்குத் தெரியவில்லை.

கடைசியில் கிடைத்தது
டயர் கடைக்கு மேலே ஒரு மாடி. முந்நூற்று எண்பது.
அப்பா காலத்தோடு போன ரப்பர் வாசனை
எங்களுக்கு முன்பே படியேறி உட்கார்ந்திருந்தது.
முன்பணத்தை மூன்றாகப் பிரித்துத் தா என்றார் ஆ ஹெங்.
ஏன் என்று நான் கேட்கவில்லை,
கேட்டால் மனசு மாறிவிடுமோ என்று.
அவரே சொன்னார்,
காலியாகக் கிடந்தால் புறா வந்துவிடுகிறது.

ரசீதுப் புத்தகம் டயருக்காக அடித்தது.
பொருள் என்ற இடத்தில் மாடி,
எண்ணிக்கையில் ஒன்று,
என் பெயரில் ஓர் எழுத்து குறைவு.
புவான் ரொஸ்னானி அதை நெடுநேரம் பார்த்தார்.
ஐசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
விட்டுப்போன எழுத்தைத் தன் பேனாவால் நுழைத்து
ஓரத்தில் சின்னதாக ஒரு கையெழுத்து போட்டார்.
மூன்று மாதம் ஆகும் என்றார்,
மேலிடம் ஒத்துக்கொண்டால்.
மூன்று மாதம்.
அந்த அளவு எனக்குப் பழக்கம்.

நேற்று இரவு, பள்ளிக்கூட பாரத்தில்
முகவரி எழுதிக்கொண்டிருந்தாள் தர்ஷணா.
கீழே கடை அடைக்கும்போது
யாரோ தவறவிட்ட நட்டு ஒன்று
சிமெண்டில் உருண்டுகொண்டே இருந்தது.
எண் இருபத்து மூன்று ஏ.
அந்த ஏ எதற்கும்மா?
மேலே என்பதற்கு என்றேன்.
கொஞ்சம் பெரிதாகவே எழுதினாள் அதை.

இன்னும் இரண்டு தவணை பாக்கி.