இருபத்தேழாவது கேள்வி

நாலாவது தடவையில்தான் எடுத்தாள் மலர்க்கொடி.
"எனக்குக் காசு போவுமாக்கா?"
போகாது, படிவத்துக்கு அறுபது ரூபாய் எனக்குத்தான் வரும்
என்று நான் சொல்லவில்லை.
பின்னால் ஒரு மிக்சி, ஒரு சண்டை, ஒரு குழந்தை.

வயது இருபத்துமூன்று.
படிப்பு ஒன்பதாவது, செஞ்சிக்குப் பக்கத்தில், பாதியில்.
வீட்டில் எத்தனை பேர்?
"படுக்கறப்பவா, சாப்புடறப்பவா?"
கட்டம் ஒன்றுதான் இருந்தது. ஏழு என்று போட்டேன்.

ஜங்க்புராவில் நாலு கோட்டி, ஹோலி வரைக்கும்.
ஒரு வீட்டில் ஏப்ரலுக்கும் சம்பளம் தந்தார்கள்.
ஒரு வீட்டில் அவள் நம்பரையே பிளாக் செய்தார்கள்.
மற்ற ரெண்டும் நல்லவங்கதான், என்றாள்,
வாட்ச்மேன்தான் கேட்டைத் திறக்கவில்லையாம்.

கணவன் தேசிங்கு, கல்யாணப் பந்தல் போடுகிறவன்.
கல்யாணமே இல்லாமல் போயிற்று சித்திரையும் வைகாசியும்.
குடிப்பாரா?
"கடை தொறக்கறதுக்கு முந்தியா, பிந்தியா?"

முந்தைய பிரசவம் ஒன்று. உயிருடன், பூஜ்யம்.
இதற்கு மட்டும் அவள் திருப்பிக் கேட்கவில்லை.

இந்தத் தடவை
ரெண்டு ஆஸ்பத்திரி வாசலில் திருப்பி அனுப்பி, மூன்றாவதில் பிறந்தது.
டெஸ்ட் முடிவு வரும்வரை பிள்ளையை வேறெங்கோ வைத்தார்கள்,
நாலு நாள்.
"பாத்திரம் தேய்க்கிற இந்தி தெரியும்க்கா,
ஆஸ்பத்திரி இந்தி தெரியாது.
மாஸ்குக்குள்ளேர்ந்து அந்தம்மா
இருக்குன்னாங்களா, இல்லன்னாங்களான்னு
நாலு நாளும் யோசிச்சிட்டே கெடந்தேன்."

துணைக்கு யார்?
மார்ச் இருபத்தெட்டுக்கு அம்மா டிக்கெட் எடுத்திருந்தாள்.
"பணம் திரும்ப வந்துச்சு. அம்மா வர்ல."

இந்த வாரம் எதற்காவது சிரித்தாயா?
"சிரிச்சா அடுத்த ரூமுக்குக் கேக்கும்."
அழுதாயா?
"தண்ணி லாரிக்கு நிக்கும்போது.
அங்கதான் தள்ளித் தள்ளி நிக்கவைக்கிறாங்க."

இருபத்தேழாவது கேள்வியைக் குரல் மாறாமல் கேட்க
எங்களுக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள்.
உன்னை நீயே ஏதாவது செய்துகொள்ளலாம் என்று எப்போதாவது

மிக்சி நின்றிருந்தது.
"முன்ன மாதிரி ரயில் வர்றதில்லக்கா" என்றாள்.

கேள்வி காதில் விழவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன்.
பிறகு அந்த இடம் ஞாபகம் வந்தது:
நாலா, அதையொட்டி வீடுகள், வீடுகளுக்குப் பின்னால்
இடிந்த சுவர், சுவருக்கப்பால்.

பதிலுக்கு நாலு கட்டங்கள்.
ஒன்றிலும் ரயில் இல்லை.

அடுத்த நம்பருக்குப் போகாமல் மேலே சொன்னேன்.
ஒரு டாக்டர் நம்பர் தந்தார்கள்.
ரெண்டு நாள் அடித்துக்கொண்டே இருந்தது.
மூன்றாம் நாள் ஒரு பெண் எடுத்து
"அவளை எங்கிட்ட விடுங்க" என்றாள், தமிழில்.
அப்படியும் நான் விடவில்லை.
சாயங்காலம் சாயங்காலம் கூப்பிட்டேன்.
பால் கட்டினது, சுரைக்காய் விலை,
இன்னும் பேர் வைக்காத பாப்பா.
எந்தக் கட்டத்துக்கும் வேண்டாத பேச்சு.

ஜூன் ஒன்று. ரயில்கள் ஓடும் என்றது செய்தி.
விடிகாலை ஐந்தரைக்கு அடித்தேன். எடுக்கவில்லை.
எடுக்கவில்லை.
வாசல்வரை போய்ச் செருப்பு மாட்டிக்கொண்டு அடித்தேன்.
ஏழாவது தடவை, அந்தச் சத்தம் முதலில் வந்தது,
நீளமாக, பெட்டி பெட்டியாக.
அதற்குப் பின்னால்தான் அவள் குரல்.

"என்னக்கா இந்நேரத்துல?
ராப்பூரா கத்திட்டு இப்பதான் தூங்குச்சு.
அதுவும் நீங்களுமா சேந்து எழுப்பிவுட்டுட்டீங்க.
வைங்க மொதல்ல."