பெண்: அறியப்படவில்லை

பனிச்சங்கேணிப் பாலத்துக்குத் தெற்கே
மூன்று இரவு வெள்ளைச் சீலை கட்டி விளக்கெரித்தோம்.
வந்து ஒட்டிய அந்துப்பூச்சிகளில்
நாற்பத்தொன்று இந்த வகை.
ஏழு மில்லிமீட்டர். சாம்பல்.
முன்சிறகின் நுனியில் துருநிறக் கீறல் ஒன்று,
அதுவும் விரல் பட்டால் போய்விடும்.

போன வருடம் வாகரையில் பிடித்ததும் இதுவும்
லென்சுக்குக் கீழே ஒரே முகம்.
வயிற்று நுனியை வெட்டி
காரத்தில் ஓர் இரவு ஊறவைத்து
தூரிகையால் செதில் கழுவினால்தான்
பற்றுக்கொக்கி தெரியும்:
அதற்கு வளைந்தது, இதற்குப் பிளந்தது.
அந்தப் பிளவுக்காக ஒரு புதுப் பெயர்.

ஊசிக்குக் கீழே நகத்தளவு சீட்டில்
ஊர், திகதி, விளக்கின் வாற்று.
ஆணைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினேன்.
பெண் என்ற தலைப்புக்குக் கீழே
ஒற்றைச் சொல்: அறியப்படவில்லை.

கட்டுரை அச்சுக்குப் போன கிழமை
மூன்று இரவுக் கரண்ட் காசு கொடுக்க
சுகந்தமலர் வீட்டுக்குப் போனேன்.
நண்டு வலையில் சிக்கெடுத்தபடி கேட்டாள்:
"வெளிச்சத்துக்கு வராததுகள
என்னெண்டு பிடிப்பீங்க?"

சிரித்துவிட்டு எழுந்தேன்.
அவள் பின்வாசலில் கண்டல் மரங்கள்.
எண்ண முடியாத இலை,
ஒவ்வோர் இலைக்கும்
ஒரு பின்பக்கம்.