வால்

சீனக்குடாவில் எது எழும்பினாலும்
என் கையில் ஸ்பனர் நின்றுவிடும்.
மீன்பிடி எஞ்சின்காரர்களுக்கு அது பழகிவிட்டது.

கணக்குக் கொப்பியின் நடுவே கோடு கீறினேன்.
கட்டுவது:
பதினோராயிரம் றிவெற், நாலு வருடம்,
உப்புவெளிக் காற்று,
வீட்டைவிட நீளமான இறக்கைகள்.
வாங்குவது:
ஒரே ஒரு தொகை.

"நாலு வருடத்தில் உனக்கு ஐம்பத்தாறு"
என்றார் லிங்கநாதன், மீனின் முள்ளை எடுத்தபடி.
அது எந்தப் பக்கத்துக் கணக்கென்று சொல்லவில்லை.

ஓர்ஸ்ஹில்லில் செல்வின் ஒக்கர்ஸ் விற்கிறார் என்று போனோம்.
கொட்டகைக்குள் மஞ்சள் நிறத்தில் நின்றது,
நாற்பது மணித்தியாலமே பறந்தது.
பிறகேன் விற்கிறீர்கள்?
"கட்டி முடிந்துவிட்டதே" என்றார்,
யாரோ செத்த வீட்டில் சொல்வதுபோல.

கை நுழையும் துவாரத்தால் இறக்கைக்குள் ரோச் அடித்தேன்.
யாரும் பார்க்காத இடத்தில், பென்சிலால்:
இன்று கை நடுங்குகிறது. மிச்சம் நாளை.

நடுங்கியபோது நிறுத்தியவரை நம்பி ஏறலாம்
என்றார் லிங்கநாதன், திரும்பி வரும்போது.
சரிதான்.
ஏறலாம்தான்.
எஞ்சினை நிற்பாட்டாமல் கேற்றடியிலேயே இருந்தேன்.

வாலை மட்டும் வரவழைத்தேன்.
அதை மட்டும் தனியே விற்கிறார்கள்,
என்னைப் போன்றவர்களை அறிந்தவர்கள்.
லொறி போனதும் ஒரு மான் வந்து
பெட்டியின் கடுதாசியைக் கிழித்துத் தின்றது.
விரட்டவில்லை.

முதல் றிவெற் கோணல்.
துளைத்து எடுத்தேன்.
இரண்டாவதும்.

விளக்கை அணைக்கப் போனவரிடம்
"கொஞ்சம் பொறுங்கோ" என்றேன்.
பென்சிலைத் தேடிக்கொண்டிருந்தேன்.